உணவும் தொழிலும் சொல்லும்: கோவாவின் அடுக்களையை முன்வைத்து

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகக் கவிதையைப் பற்றியே பேசிவந்திருக்கும் ஓர் அவையில் சோற்றையும் மீன்குழம்பையும் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நம் இலக்கண மரபுக்கு இது புதிதன்று. ஒரு நிலத்தின் கருப்பொருள்களை வரிசைப்படுத்துமிடத்துத் தொல்காப்பியர் தெய்வத்தை முதலில் வைக்கிறார். அடுத்த இடத்தை உணவுக்குத் தருகிறார். விலங்கு, மரம், பறவை, பறை எல்லாம் அதன் பின்னரே வருகின்றன. அதே வரிசையில் ‘செய்தி’ என்று தொழிலையும் சேர்க்கிறார். உணவையும் அதை உண்டாக்கும் தொழிலையும் ஒரே பட்டியலில் வைத்துப் பார்த்த அந்தப் பார்வையைத்தான் இன்று கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அதைக் கொண்டு நான் காட்ட விரும்பும் நிலம் தமிழகத்தில் இல்லை. மேற்குக் கரையில், கொங்கணி பேசும் கோவாவில் இருக்கிறது.

கோவா நமக்கு முற்றிலும் அயலான ஊருமன்று. இந்தியாவின் முதல் அச்சுப்பொறி 1556-இல் வந்திறங்கியது அங்கேதான். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறு நூலுக்கு உரிய தமிழ் எழுத்துகளில் ஒரு பகுதி, அதற்கு முந்திய ஆண்டு கோவாவில் வார்க்கப்பட்டது. தமிழ் எழுத்தை ஈயத்தில் கண்ட ஊர் என்ற உறவு ஒன்று நமக்கு இருக்கிறது. அந்த உறவின் உரிமையில் அவர்கள் அடுக்களை வரை செல்வோம்.

முதலில் நிலம். கோவாவின் பரப்பு 3,702 சதுர கிலோமீட்டர். நம் தூத்துக்குடி மாவட்டத்தைவிடச் சிறியது. பரப்பளவில் இந்தியாவின் மிகச் சிறிய மாநிலம். கிழக்கே மேற்குத் தொடர்ச்சி மலை, மேற்கே கடல், நடுவே மண்டோவியும் சுவாரியும். கடல் ஏற்றத்தில் உப்புநீர் இவ்வாறுகளின் வழியே வெகுதூரம் உள்ளே வரும். அந்த உப்புநீரைக் கரைகட்டித் தடுத்து, மதகு வைத்து, சதுப்பை வயலாக்கியிருக்கிறார்கள் அவர்கள் முன்னோர். ‘கஜான்’ நிலம் என்று அதற்குப் பெயர். அங்கே விளைவது ‘கோர்குட்’ என்னும் உப்பைத் தாங்கும் செந்நெல். ஒரே நிலத்தில் மழைக்காலத்தில் நெல், மற்றக் காலத்தில் மதகடியில் மீனும் இறாலும். ஊர்ச் சபையார் கூடிக் கரையைப் பேணினார்கள். கரை உடைந்தால் உப்பு ஏறும். உப்பு ஏறினால் சோறு இல்லை. கோவாக்காரன் உணவின் முதற்பாடம் அந்தக் கரையில் இருக்கிறது.

அவனுடைய அன்றாட உணவு இரண்டே சொல்லில் அடங்கும்: ஷித், கொடி. சோறும் குழம்பும். குழம்பு என்றால் தேங்காய் அரைத்த மீன்குழம்பு. இந்துக் குடும்பங்களில் பெரும்பாலும் அதை ‘ஹுமண்’ என்பார்கள். கிறித்தவக் குடும்பங்களில் ‘கொடி’ என்பார்கள். முற்பகலில் வயலிலிருந்து வந்தவன் குடிப்பது ‘பெஸ்’, அதாவது கஞ்சி. அதற்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய், சுட்ட கருவாடு, அல்லது ‘கால்ச்சி கொடி’. நேற்றைய குழம்பு என்பது அதன் பொருள். மண்சட்டியில் மீந்த குழம்பை மெல்லிய தீயில் சுண்டவைத்து, சட்டியின் அடியில் வழித்தெடுக்கும் பதத்தில் இறக்குவார்கள். பழைய சோற்றையும் சுண்டிய குழம்பையும் அறிந்த நம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கஞ்சி என்றதும் ஒரு செய்தி. போர்ச்சுகலில் கோழிச்சாற்றில் அரிசியிட்டுக் காய்ச்சும் வடிசாற்றுக்கு ‘கான்ஜா’ என்று பெயர். தென்னாட்டுக் கஞ்சியிலிருந்து சென்ற சொல் அது. மாங்காய் அவர்களிடம் ‘மாங்கா’ ஆயிற்று; கறி ‘காரில்’ ஆயிற்று. கப்பல்கள் ஒரு திசையில் மட்டும் சொற்களை ஏற்றிச் செல்லவில்லை.

அவை கொண்டுவந்தவற்றை இனி நோக்குவோம். 1510-இல் அல்புகெர்க் கோவாவைக் கைப்பற்றினான். 1961 டிசம்பர் 19 வரை போர்ச்சுகீசியர் ஆட்சி நீடித்தது. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தக் காலத்தில், அமெரிக்கக் கண்டத்தின் மிளகாயும் முந்திரியும் அன்னாசியும் பப்பாளியும் இக்கரையில் வேர்கொண்டன. மிளகாய் வந்தபோது அதற்குப் பெயரில்லை. நாம் மிளகைக் கொண்டு ‘மிளகாய்’ என்றோம். கொங்கணியரும் மிளகைக் குறிக்கும் சொல்லின் மேலேயே ‘மிர்சாங்’ என்று பெயர் கட்டினார்கள். ஒருவரை ஒருவர் கேட்காமலே இரு மொழியினரும் ஒரே வழியில் சென்றிருக்கிறார்கள். வந்த பொருளை வரவேற்க, வீட்டிலிருந்த பழைய சொல்லையே வாசலுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

சில உணவுகள் பெயரோடு வந்து, பொருள் மாறி நின்றன. ‘விந்தாலு’ என்ற பெயரைப் பலரும் கேட்டிருப்பீர்கள். திராட்சை மதுவிலும் பூண்டிலும் ஊறவைத்த இறைச்சி என்பது அதன் போர்ச்சுகீசிய மூலம். ‘விஞ்ஞ’ என்றால் மது, ‘அல்யோஸ்’ என்றால் பூண்டு. கோவாவில் திராட்சை மதுவுக்கு எங்கே போவது? தென்னங்கள்ளைப் புளிக்கவைத்த காடியைக் கோவாக்காரர்கள் ஊற்றினார்கள். மிளகாயும் சீரகமும் மிளகும் அரைத்துச் சேர்த்தார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. சுவை இங்கே பிறந்தது. பிற்காலத்தில் கோவாவுக்கு வெளியே இருந்த உணவு விடுதிக்காரர்கள் ‘ஆலு’ என்ற ஓசையை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, அதற்கு உருளைக்கிழங்கு என்று பொருள்கொண்டு, கிழங்கையும் வெட்டிப் போட்டுவிட்டார்கள். சொல்லின் வேர் தெரியாதவன் கையில் உணவே மாறிவிடும் என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

பச்சைக் கொத்துமல்லியும் பச்சைமிளகாயும் அரைத்துக் கோழியில் பூசி வாட்டும் ‘காஃப்ரியால்’ ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்தது. 1752 வரை மொசாம்பிக்கை ஆண்டது கோவாவிலிருந்த ஆட்சியே. அந்தக் கடல்வழியே போர்வீரர்கள் வந்தார்கள். விலைக்கு விற்கப்பட்ட மனிதர்களும் வந்தார்கள். கறுப்பின மக்களை இழித்துரைத்த ஒரு சொல்லின் மேல்தான் இந்த உணவின் பெயர் நிற்கிறது. விருந்தில் பரிமாறப்படும் தட்டில் இப்படியும் ஒரு வரலாறு இருக்கிறது. அதை மறந்துவிட்டு உண்பது நன்றன்று.

இதற்கு மாறாக, இழிவாகத் தொடங்கிப் பெருமையாக முடிந்த பெயரும் உண்டு. கோவாவில் மாம்பழம் என்றால் முதலில் சொல்வது ‘மாங்குராட்’. ‘மல்கொராடா’ என்ற போர்ச்சுகீசியச் சொல்லின் திரிபு அது என்பர்; நிறம் சரியில்லாதது என்று பொருள். தோலைப் பார்த்துப் பழித்தவன் போய்விட்டான். சதையைச் சுவைத்தவர்கள் அந்தப் பழிப்பெயரையே செல்லப்பெயராக்கிக்கொண்டார்கள்.

வந்தவை அனைத்தையும் இந்த மண் எவ்வாறு தனதாக்கிக்கொண்டது என்று கேட்டால், இரண்டு வழிகளால் என்று சொல்லலாம். ஒன்று தேங்காய், மற்றொன்று புளிப்பு. புளிப்பில் அவர்கள் காட்டும் நுட்பம் வியக்கத்தக்கது. மாங்காய்ப் பிஞ்சுக்கு ஒரு குழம்பு, பிலிம்பிக்காய்க்கு ஒரு குழம்பு, புளிக்கு ஒன்று, காடிக்கு ஒன்று. இவற்றோடு நம் குடம்புளிக்கு உறவான ஒரு பழம் உண்டு. மரத்திலிருக்கும்போது அது ‘பிரிண்ட்’. அதன் தோலை உரித்து, சாற்றில் தோய்த்துத் தோய்த்து வெயிலில் உலர்த்தினால் ‘சொல்’. அந்தச் ‘சொல்’லை ஊறவைத்துத் தேங்காய்ப்பாலில் கலந்தால் ‘சொல்கடி’; உணவின் இறுதியில் குடிக்கும் இளஞ்சிவப்பு நீர். காரமான மீன்குழம்புக்குப் பின் வயிற்றைத் தணிக்கும். விதையிலிருந்து எடுக்கும் நெய், வெடித்த பாதங்களுக்கு மருந்து. ‘சொல்’ என்ற ஒலியைக் கேட்டவுடன் தமிழ்க் கவிஞன் ஒருவன் நிமிர்ந்து உட்காரக்கூடும். ஓசை ஒற்றுமைதான், ஆயினும் உலர்த்தி வைத்து, வேண்டும்போது ஊறவைத்துப் பயன்கொள்வது என்ற அளவில் அந்த ஒற்றுமையை நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன்.

பொதுவாகச் சொன்னால், இந்து வீட்டு அடுக்களையில் சொல்லும் புளியும் ஆட்சி செய்கின்றன. கிறித்தவ வீட்டில் காடி ஆட்சி செய்கிறது. இந்தப் பிரிவு தானாக நேர்ந்ததன்று. 1560 முதல் 1812 வரை, இடையே சில ஆண்டுகள் நீங்கலாக, கோவாவில் சமய விசாரணை மன்றம் நடந்தது. மதம் மாறியவர் வீட்டில் பழைய வழக்கத்தின் நிழல் தெரிகிறதா என்று அது தேடியது. 1736-ஆம் ஆண்டின் ஆணை ஒன்று திருமணச் சடங்குகள், ஆடை, துளசிச் செடி ஆகியவற்றைத் தடுத்ததோடு நில்லாமல், இந்துக்கள் சமைப்பதுபோல் உப்பில்லாமல் சோறு வடிப்பதையும் தடை செய்தது. சிந்தித்துப் பாருங்கள். பானையில் உப்பு விழுந்ததா இல்லையா என்பதை ஓர் அரசு கேட்கிறது. உணவு என்பது எத்தனை ஆழமான நினைவு என்பதை அந்த ஆட்சியாளர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

அப்படியிருந்தும் தப்பிப் பிழைத்தவை உண்டு. அரிசிமாவை மஞ்சள் இலையில் மெல்லப் பூசி, தேங்காய்ப்பூவும் தென்னை வெல்லமும் நடுவே வைத்து, இலையை மடித்து ஆவியில் வேகவைக்கும் ‘பாத்தொளி’ அவற்றுள் ஒன்று. நம் இலைக் கொழுக்கட்டையின் உடன்பிறப்பு. இந்துக்கள் ஆவணிப் பண்டிகைகளை ஒட்டிச் செய்கிறார்கள். கிறித்தவர்கள் ஆகஸ்டு 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாளில் செய்கிறார்கள். மழைக்காலத்தில் மஞ்சள் இலை தழைத்து நிற்கும். அந்த மணத்துக்கு இரு வீட்டிலும் ஒரே பெயர்தான். வழிபாடு மாறியபோதும் பருவம் மாறவில்லை. பருவத்தைப் பற்றிக்கொண்டு பலகாரமும் நிலைத்துவிட்டது.

அடுத்து நீங்கள் எதிர்பார்த்திருக்கும் இடத்துக்கு வருகிறேன். கோவா என்றதும் ஃபெனி என்று சொல்வார் உண்டு. மதுவைப் புகழ்வது என் நோக்கமன்று. மது குடும்பங்களைச் சிதைப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆனால் அதியமான் தந்த கள்ளை நினைந்து ஔவையார் இரங்கிப் பாடியதைப் புறநானூற்றில் படிக்கும் நமக்கு, ஒரு நிலத்தின் குடிவகையைத் தொழிலாகவும் சொல்லாகவும் பார்க்கும் நிதானம் இருக்க வேண்டும்.

முந்திரி மரம் பிரேசிலிலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் வந்தது. மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் கோவாவின் குன்றுகளில் பழம் உதிரும். பறிக்கமாட்டார்கள், தானாக உதிர்ந்த பழத்தையே பொறுக்குவார்கள். கொட்டையைத் திருகி எடுத்துவிட்டு, பாறையில் குடைந்த ‘கொள்மி’ என்னும் தொட்டியில் பழத்தை இட்டுக் காலால் மிதிப்பார்கள். மிதித்த சக்கையைக் குவித்துப் பாரம் ஏற்றிவைத்தால், மெல்லச் சொட்டும் தெளிந்த சாறு ‘நீரோ’. இனிப்பானது, போதையற்றது, அன்றே குடிக்க வேண்டியது. மிதித்தெடுத்த சாற்றை மண்ணில் பாதி புதைத்த பானைகளில் சில நாள் நொதிக்கவிட்டு, ‘பாண்’ என்னும் காய்ச்சுகலத்தில் வடிப்பார்கள். ஆவி குளிர்ந்து சேரும் கலத்துக்கு ‘லவ்ணி’ என்று பெயர். அதன்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் வடிப்பு ‘ஊர்ராக்’. மென்மையானது, நெடுநாள் வைத்தால் கெட்டுவிடும், கோடையோடு வந்து கோடையோடு போய்விடும். மீண்டும் வடித்தால் ஃபெனி. நூற்றுக்கு 42 அளவுக்கு மேல் சாராயச் சத்து உடையது. அதன் வலிமையை இன்றும் ‘கிராவ்’ என்ற போர்ச்சுகீசிய அளவால்தான் சொல்கிறார்கள்.

ஃபெனி என்ற பெயர் ‘ஃபேண்’ என்னும் கொங்கணிச் சொல்லிலிருந்து வந்தது என்பர். நுரை என்று பொருள். மரம் பிரேசிலினது, அளவை போர்ச்சுகலினது, பெயர் இந்த மண்ணினது. ஆனால் சட்டத்தின் ஏட்டில் அதற்கு நெடுங்காலம் ‘நாட்டுச் சாராயம்’ என்பதே பெயராக இருந்தது. அந்த ஒரு சொல்லின் காரணமாக மாநில எல்லைக்கு வெளியே அதை விற்பது அரிதாயிற்று. 2009-இல் முந்திரி ஃபெனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016-இல் மாநிலச் சட்டத் திருத்தம் அதனை மரபு மதுவகையாக ஏற்றது. பானைக்குள் இருந்தது மாறவில்லை. வெளியே ஒட்டிய பெயர்தான் மாறியது. பெயருக்கு எத்தனை வலிமை என்பதைக் கவிஞர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி என் உரையின் மையத்துக்கு வருகிறேன். முந்திரி வருவதற்கு முன்பே இங்கே வடிக்கப்பட்டது தென்னங்கள். கார்சியா த ஓர்த்தா என்ற மருத்துவர் 1563-இல் கோவாவில் அச்சிட்ட மூலிகை நூலில், தென்னையிலிருந்து இறக்கும் கள்ளையும் அதை வடித்தெடுக்கும் மதுவையும் விளக்கியிருக்கிறார். கள்ளுக்குக் கொங்கணியில் ‘சூர்’ என்று பெயர். அதை இறக்குபவர் ‘ரெந்தேர்’. நாளைக்கு மூன்று முறை அவர் மரமேறுகிறார்: காலையிலும் மாலையிலும் கள் இறக்க, நண்பகலில் பாளை சீவ.

அந்த ஒருவர் இறக்கிவரும் சூர் எத்தனை வழிகளில் பிரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். அரிசிமாவில் ஊற்றிப் புளிக்கவைத்தால் ‘சான்னா’. நம் இட்லியைப் போன்ற, சற்றே இனித்த பண்டம். கோதுமை மாவில் சேர்த்தால் ரொட்டி பொங்கும். நாள்கணக்கில் புளிக்கவிட்டால் காடி. விந்தாலுவும் சொர்போதெலும் கோவாவின் பன்றியிறைச்சித் தொடுகறியும் அதில்தான் ஊற வேண்டும். புளிக்குமுன் காய்ச்சினால் கருநிறத் தென்னை வெல்லம். பாத்தொளிக்கும் ‘தொதோல்’ என்னும் அல்வாவுக்கும் அதுவே இனிப்பு. வடித்தால் தென்னை ஃபெனி. ஒரு மனிதர் மரமேறுவதால் ஐந்து வகை உணவு தரையிறங்குகிறது. அவர் ஏறுவதை நிறுத்தினால் ஐந்தும் ஒருங்கே தளரும்.

நிறுத்திக்கொண்டுதான் வருகிறார்கள். மழையில் மரம் வழுக்கும். விழுந்தால் வாழ்வு முடிந்தது. உழைப்புக்கு ஏற்ற ஊதியமில்லை. ஊரார் தரும் மதிப்பும் இல்லை. மகன் கப்பல் வேலைக்கும் வளைகுடாவுக்கும் போகிறான். தகப்பனே அவனை அனுப்பிவைக்கிறார். அதில் அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. விளைவு என்ன? சான்னாவில் இன்று பெரும்பாலும் கடையில் வாங்கிய ஈஸ்ட் விழுகிறது. ரொட்டியிலும் அப்படியே. கடைகளில் விற்கும் காடியில் செயற்கைக் காடியும் உண்டு. பெயர்கள் அப்படியே இருக்கின்றன. அந்தப் பெயர்களுக்குள்ளிருந்த புளிப்பு மெல்ல மாறிவிட்டது.

ரொட்டியைத் தனியே சொல்ல வேண்டும். அதைச் சுடுபவர் ‘பொதேர்’. போர்ச்சுகீசியத்தில் ‘பாதெய்ரு’ என்பதன் திரிபு. தவிடு தூவிய ‘பொய்’, உருண்டையான ‘உண்டோ’, வளையல்போன்ற மொறுமொறுப்பான ‘காங்கொண்’ என்று அவர் கூடையில் பல உருவங்கள். ஒரு காலத்தில் சலங்கை கட்டிய கோலைத் தரையில் தட்டிக்கொண்டு வந்தார். பின்னர் மிதிவண்டியும் காற்றுக்குழலும். விறகு விலை ஏறிற்று. விடியலுக்கு முன் அடுப்பின் முன்னே நிற்க ஆளில்லை. பல அடுப்புகள் அணைந்துவிட்டன. எஞ்சியவற்றில் பலவற்றை வெளிமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களே நடத்துகிறார்கள். கோவாவின் காலையை இன்றும் மணக்கச் செய்பவர்கள் அவர்கள் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

தென்னையைப் பற்றி இன்னுமொரு செய்தி, சொல்லாராய்ச்சியில் ஈடுபாடு உடையவர்களுக்காக. 2016-இல் கோவாவின் மரப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, ‘மரம்’ என்ற சொல்லின் வரையறையிலிருந்து தென்னை நீக்கப்பட்டது. மரமில்லை என்றால் வெட்டுவதற்கு முன் இசைவு பெற வேண்டியதில்லை. ஊரெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2017-இல் அடுத்து வந்த அரசு தென்னையை மாநில மரமென அறிவித்தது. ஓராண்டு மரமாகவே இல்லாதது, மறு ஆண்டு மாநில மரம்! ஒரு வரையறையின் இரு பக்கத்திலும் அதே தென்னைதான் நின்றுகொண்டிருந்தது. அரசு ஏட்டில் ஒரு சொல்லின் பொருள் மாறினால் தோப்பில் கோடரி விழும் என்பதை இலக்கிய உலகத்தார் மறக்கக் கூடாது.

அண்மை ஆண்டுகளில் கோவாவின் உணவுப்பொருள்கள் பலவற்றுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கோலா மிளகாய்க்கு 2020-இல். திருவிழாக் கடைகளில் விற்கும் ‘காஜெ’ என்னும் இஞ்சி மணக்கும் தின்பண்டத்துக்கு 2021-இல். மாங்குராட் மாம்பழத்துக்கும் ‘பெபிங்கா’வுக்கும் 2023-இல். பெபிங்கா என்பது தேங்காய்ப்பாலும் முட்டைக்கருவும் சர்க்கரையும் நெய்யும் கொண்டு அடுக்கடுக்காகச் சுடும் இனிப்பு. மரபுப்படி அடுப்பின் சூடு மேலிருந்து வர வேண்டும். மூடியின் மேல் தேங்காய் மட்டைத் தணலை வைப்பார்கள். ஓர் அடுக்கு வெந்து சிவந்த பின்னரே அடுத்த கரண்டி மாவு. ஏழு அடுக்கு என்பது வழக்கு. பதினாறு வரை போவாரும் உண்டு. அரை நாள் அடுப்பை விட்டு நகர முடியாது.

இந்தக் குறியீடுகளை நான் வரவேற்கிறேன். பிற ஊர்க்காரன் அந்தப் பெயரைத் திருடாமல் அவை காக்கும். ஆனால் அவை காப்பது பெயரை. அரை நாள் தணலின் முன் அமரும் கிழவியையும், நாளைக்கு மூன்று முறை மரமேறும் ரெந்தேரையும் எந்தக் குறியீடு காக்கும்? பெயருக்குப் பட்டயம் கிடைத்த அதே காலத்தில் கைகள் குறைந்துகொண்டு வருகின்றன. கோவாவில் இன்று நிற்கும் கேள்வி இதுதான். அது அவர்களுடைய கேள்வி மட்டுமன்று.

நம் பனங்காட்டை எண்ணிப் பாருங்கள். பாளை அரிவாள், கடிப்பு, தளைநார், கலயம் என்று பனையேறியின் இடுப்பிலும் தோளிலும் தொங்கிய சொற்கள் எத்தனை! அகராதியில் அவற்றுள் சில இருக்கும். அகராதியிலிருந்து பதநீர் இறங்காது. ஒரு தொழிலின் சொற்களைத் தொழிலாளியின் நாவிலிருந்து கேட்பதும், அத்தொழில் நின்ற பின் ஏட்டிலிருந்து எடுப்பதும் ஒன்றாகா. முன்னது கவிதைக்கு உணவு, பின்னது ஊறுகாய். ஊறுகாயும் வேண்டும்தான், ஆயினும் அதைச் சோறென்று யாரும் உண்பதில்லை.

கோவாவில் மே மாதச் சந்தைகளுக்குப் ‘புருமெந்த்’ என்று ஒரு பெயருண்டு. முன்னேற்பாடாகச் சேமிப்பது என்ற பொருளுடைய போர்ச்சுகீசியச் சொல்லின் திரிபு. மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும். இப்போது ஜூன், ஜூலை இரு மாதமும் விசைப்படகுகளுக்குச் சட்டப்படியே தடை. அதனால் மழைக்கு முன்பே கருவாடும் மிளகாயும் புளியும் சொல்லும் வெங்காயமும் வாங்கி வீட்டில் நிறைத்துக்கொள்வார்கள். மழை வருமென்று அறிந்தவர் செய்யும் செயல் அது.

நம் வட்டம் பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வேளையில், நாமும் ஒரு புருமெந்த் செய்யலாமென்று முன்மொழிகிறேன். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊரின் ஒரு தொழிலைத் தேர்ந்துகொள்ளட்டும்: பனையேற்றம், உப்பளம், கட்டுமரம், செக்கு, எதுவாயினும் சரி. அத்தொழில் செய்வாரிடம் சென்று, அவர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அருகிருந்து, சொற்களைக் கேட்டு எழுதட்டும். கூடவே அவருடைய கூலி எவ்வளவு, பிள்ளை என்ன செய்கிறான் என்பதையும் எழுதட்டும். இரண்டாவது இல்லாமல் முதலாவது நிறைவுறாது. தொல்காப்பியர் உணவோடு தொழிலையும் ஒரே வரிசையில் வைத்தார்; அவ்வரிசையை நாம் பிரிக்காமல் இருந்தாலே போதும்.

அடுத்த மலரில் அந்தத் தொகுப்பு இடம்பெறுமானால், இன்று நான் எடுத்துக்கொண்ட நேரம் வீண்போகவில்லை என்று கொள்வேன்.